எழுத்து ஒன்று, விசைப்பலகை பல: பார்க்கிங் குறிப்புகள்

2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதற்குப் பல மாதங்கள் முன்பே கேள்வி தொடங்கிவிட்டது. கிழக்கு லண்டனில் பார்க்கிங்கின் ரிப்பிள் றோட்டுக் கடைக்காரர் கேட்டார், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் கேட்டார்கள்: "லாப்டொப் நல்லாத்தானே ஓடுது, பிறகேன் புதுசு வாங்கட்டாம்?" விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2016இல் வாங்கிய கணினி இதில் அடிபட்டுப் போகிறது. திரையில் பழுதில்லை, விசையில் பழுதில்லை, பற்றரி மட்டும் கொஞ்சம் களைத்திருக்கும். அதைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. கொண்டுவருகிறவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன்.

போடுவது சுலபம். எந்த டெஸ்க்டாப்பைப் போடுவது என்பதில்தான் யோசனை. டெபியன் என்ற லினக்ஸை நிறுவும்போது நடுவில் ஒரு பட்டியல் வரும்: க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், மாட்டே, எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்கியூட்டி என்று நீளும். கணினியைத் தந்தவருக்கு இதில் ஒரு பெயரும் பழக்கமில்லை. அவருக்கு வேண்டியது மின்னஞ்சல், வங்கி, யூடியூப், தமிழில் எழுத ஒரு வழி. இந்தப் பட்டியலை அவர் முன் நீட்டி "தெரிவு செய்யுங்கோ" என்றால், நான் செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டுகிறேன் என்றுதான் அர்த்தம். அறிந்தவர் ஒன்றைத் தெரிந்து போட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு வேண்டாமென்றால் மாற்றவும் வழி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தெரிவு.

*

இத்தனை டெஸ்க்டாப் ஏன் வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்வதற்காக.

1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிக் ஜெர்மனியில் கேடிஇயைத் தொடங்கினார். யூனிக்ஸில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு தோற்றம், ஒவ்வொரு நடத்தை; சாதாரண ஆட்களுக்கு எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதாவது தொடக்கமே ஒரு தரப்படுத்தல் முயற்சி. ஆனால் அவர் எடுத்த கியூட்டி நூலகத்தின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரமானதல்ல. அதை ஏற்காத மிகேல் தெ இக்காசாவும் ஃபெதரிக்கோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோமைத் தொடங்கினார்கள். 2000இல் கியூட்டி ஜிபிஎல் உரிமத்தில் வந்து சண்டையின் காரணம் தீர்ந்தது. அதற்குள் இரண்டு வீடும் எழும்பிவிட்டன, இரண்டிலும் ஆட்கள் குடியிருந்தார்கள்.

பயனர் கேட்டதால் பிரிந்ததல்ல இது; உரிமம் பற்றிய கொள்கையால் பிரிந்தது. கேட்டிருந்தால் பயனர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெளிவு: ஒன்றில் வெட்டியது மற்றதில் ஒட்ட வேண்டும், ஒன்றில் நிறுவிய செயலி மற்றதின் பட்டியலிலும் தெரிய வேண்டும். 2000இல் ஹாவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு அதைத்தான் செய்தது. செயலியின் பெயரும் படமும் எங்கே எழுதப்பட வேண்டும், அமைப்புக் கோப்புகள் எந்த அடைவில் இருக்க வேண்டும், செயலிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பொது உடன்பாடு. இன்று க்னோமில் இருந்துகொண்டு கேடிஇயின் ஓகுலர் வாசிப்பானைத் திறக்கிறவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி.

*

இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கோயில் மலர், நினைவு மலர், பழைய மாணவர் சங்க அறிக்கை எல்லாம் அவர் கையில்தான் தட்டச்சாகும். விசையைப் பார்க்கமாட்டார், கைப்பிரதியைப் பார்த்தபடி பாமினி விசைமுறையில் மழைபோல் அடிப்பார். தமிழ்99 விசைப்பலகை விஞ்ஞான முறையானது, அதற்கு மாறுங்கள் என்று அவருக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது முதலே கேட்டுவிட்டார்: "தம்பி, இந்த வயசில நான் ஏன் கையை மாத்தவேணும்? எழுத்துச் சரியா வந்தாக் காணாதே?"

காணும், மாஸ்ரர். அதுவே போதும். இந்த விவாதம் முழுவதற்கும் நான் கேட்ட மிக நேரான வாக்கியம் அதுதான்.

*

எழுத்துச் சரியாக வருவது என்றால் என்ன என்பதை எழுதிவைக்க வேண்டும். பாமினியில் சிக்கல் விசையில் இல்லை, குறிமுறையில் இருந்தது.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். அந்த ஆங்கில எழுத்துகளின் வடிவத்தை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தது எழுத்துரு. எழுத்துரு உள்ள கணினியில் தமிழ். இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பை. தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை எழுத்து எழுத்தாக ஆங்கிலத்தில் உளறும்.

1990களில் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறிமுறை. டிஸ்கி ஒரு பக்கம், 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் இன்னொரு பக்கம், பாமினி புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் அச்சகங்களிலும் பத்திரிகைகளிலும். அதைத் தெரிவு என்று அப்போது யாரும் கொண்டாடவில்லை. ஆனால் விளைவு தெரிவின் மிகக் கொடிய வடிவம்: ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க முடியாது. பாரிஸிலிருந்து வரும் கட்டுரையை லண்டனில் திறக்க, கூடவே எழுத்துருவையும் அனுப்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பார்க்கிங், ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் வீடுகளில் அலுமாரிக்குள் இன்னும் சீடிகள் கிடக்கின்றன. உள்ளே நினைவு மலர்கள், ஊர்ச் சரித்திரங்கள், நாடகப் பிரதிகள், எல்லாம் பாமினியில். அவற்றை மீட்க மாற்றிகள் உண்டு. ஜெர்மனியிலிருந்து சுரதா எழுதிய பொங்குதமிழ் மாற்றி எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தது. இன்று ஓப்பன்-தமிழ் என்ற திறமூலப் பைதான் நூலகத்திலும் அந்த வசதி இருக்கிறது. மீட்கக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே மீட்டுவிட வேண்டும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பது அடித்தவருக்கு மட்டும்தான் நினைவிருக்கும்.

*

எல்லாக் கணினிக்கும் பொதுவான குறிமுறையாக ஒருங்குறி வந்த பிறகு நிலைமை தலைகீழானது. தமிழ்நாட்டில் அரசு ஏற்ற விசைப்பலகை தமிழ்99. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை. மலேசியாவில் முத்து நெடுமாறனின் அஞ்சல் முறை. ஆங்கில ஒலியை அடித்தால் தமிழ் வரும். பழைய தட்டச்சுப்பொறியில் பழகியவர்களுக்குத் தட்டச்சு முறை. இந்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் வேறு. ஐந்து பேர் ஐந்து விதமாக அடிக்கிறார்கள், வெளியே வருவது ஒரே எழுத்து. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மின்னஞ்சல் எந்த விசைப்பலகையில் அடிக்கப்பட்டது என்று நான் எவரையும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

திறமூல டெஸ்க்டாப்பில் தெரிவா தரமா என்று சண்டை போடுகிறவர்கள் தமிழை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். ஒருவருடைய வேலை இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில் ஒரே தரம். ஒருவர் தன் கையோடும் கண்ணோடும் தனித்திருக்கும் இடத்தில் அவர் விருப்பம். நாங்கள் முதலில் இதை மாற்றிப் போட்டு, ஒரு தலைமுறையின் எழுத்தைச் சீடிகளுக்குள் புதைத்தோம்.

*

ஹார்ஃப்பஸ் பற்றி.

தமிழில் 'கொ' என்பது கணினிக்குள் க, பிறகு ஒகரக் குறி. திரையில் கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் க. அப்படிப் பிரித்து நிறுத்த ஒரு நிரல் வேண்டும். ஒருகாலத்தில் க்னோமுக்கு பாங்கோ, கேடிஇக்கு கியூட்டியின் சொந்த நிரல், ஓப்பன்ஆபிசுக்கு ஐசியூ. மூன்றும் தனித்தனியே பராமரிக்கப்பட்டவை, தனித்தனியே பிழை. ஒன்றில் கொம்பு இடம்மாறும், இன்னொன்றில் புள்ளி தள்ளி விழும். பிழையை ஒரு இடத்தில் திருத்தினால் மற்ற இரண்டிலும் அப்படியே இருக்கும். தமிழ் தெரிந்து, நிரலும் தெரிந்து, நேரமும் உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள், மூன்று இடத்திலும் காவல் நிற்க?

இன்று க்னோம், கியூட்டி, லிப்ரேஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்ட் எல்லாம் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அங்கே ஒருமுறை திருத்தினால் போதும். இந்த ஒன்றிணைவில் எந்தப் பயனரும் எந்தத் தெரிவையும் இழக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில் செய்யும் தரப்படுத்தலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

*

க்னோம் 3 வந்தது 2011 ஏப்ரலில். சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் மேற்பட்டையிலிருந்து போயின. 2018இல் 3.28 பதிப்போடு முதல் திரையில் கோப்புகளை வைக்கும் வசதியும் போனது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினார். பிறகு திரும்பி வந்தார். அர்ஜென்டினாவில் ஒருவர் பழைய க்னோம் 2ஐ எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார். லினக்ஸ் மின்ட் குழு சின்னமனை உருவாக்கியது. உபுண்டு லினக்ஸைத் தரும், லண்டனில் தலைமையகம் வைத்திருக்கும் கெனானிக்கல் நிறுவனம் ஏற்கெனவே யூனிட்டி என்று தனிவழி போயிருந்தது. 2017 ஏப்ரலில் அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வர்த் யூனிட்டியைக் கைவிட்டு, உபுண்டுவை க்னோமுக்கே திருப்பினார்.

க்னோம் பக்கத்து நியாயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஹாவக் பென்னிங்டன் 2002இலேயே எழுதினார்: ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு விலை உண்டு. பத்து ஆம்-இல்லைப் பொத்தான்கள் இருந்தால் 1,024 சேர்க்கைகள். அத்தனையையும் யார் சோதிப்பது? சம்பளமில்லாமல் உழைப்பவர்களிடம் இன்னொரு பொத்தான் கேட்பது, அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்பது. தமிழாக்கம் செய்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். க்னோமுக்குப் பல்லாயிரம் வரிகள், கேடிஇக்குப் பல்லாயிரம் வரிகள், ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் இரண்டு பேரால் மொழிபெயர்க்கப்படுகிறது. விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இந்த வேலை செய்யும் மொழியில் அது பெரிய செலவு.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் சுருக்கும் பொத்தானை எடுத்தது எனக்குச் சம்மதமில்லை. கணினியின் முன் உட்காரப் பழகவே வருடக்கணக்கு எடுத்த ஒரு அம்மாவுக்கு அந்தச் சின்னக் கோடுதான் துணிவு. அழுத்தினால் கீழே போகும், தேவையென்றால் திரும்ப வரும், எதுவும் அழியாது. "எங்கை தம்பி அந்தக் கோடு?" என்று என்னைக் கேட்டவர் பலர். ட்வீக்ஸ் செயலியில் போய் மீட்டுக் கொடுக்கலாம். அப்படியொரு செயலி இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

முதியவர்களுக்கு மின்ட் சின்னமன் போடுகிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை: பட்டியல் இடது கீழ் மூலையில், கடிகாரம் வலது கீழ் மூலையில், மூன்று பொத்தான்கள் வலது மேலே. பழகிய கை பழகிய இடத்துக்குப் போகும்.

*

மின்ட்டே 2017இல் வந்த 18.3ஓடு தன் கேடிஇ பதிப்பை நிறுத்திக்கொண்டது. மூன்று பதிப்புகளை நன்றாகப் பார்த்துக்கொள்வதற்காக நான்காவதை விட்டார்கள். யாரும் கைவிடப்படவில்லை, கேடிஇ வேண்டியவர்களுக்குக் குபுண்டு இருந்தது. ஒரு குழு தன் வாசலுக்குள் தெரிவைக் குறைப்பது வேறு, உலகத்தில் தெரிவைக் குறைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கித் திட்டுவது நியாயமல்ல.

*

2002இல் ரெட் ஹாட் லினக்ஸ் 8.0, ப்ளூகர்வ் என்ற தோற்றத்தைக் கொண்டுவந்து கேடிஇயும் க்னோமும் ஒரே மாதிரித் தெரியச் செய்தது. கேடிஇக்காரர்களுக்குக் கோபம். அங்கே வேலைசெய்த கேடிஇ நிரலாளர் ஒருவர் விலகியே போனார். இப்போது எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே சாயம் பூசுவதால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. உள்ளே கோப்பைத் திறக்கும் பெட்டி இரண்டு விதம், அச்சிடும் பெட்டி இரண்டு விதம். தோலை ஒன்றாக்குவது தரப்படுத்தல் ஆகாது.

*

ரோடிங் ஆற்றைத் தாண்டினால் நியூஹாம். ஈஸ்ட் ஹாம் நகரமண்டபம் அந்தப் பக்கம்தான். 2003இல் நியூஹாம் நகரசபை தன் கணினிகளைத் திறமூல மென்பொருளுக்கு மாற்றலாமா என்று யோசித்தது. நெட்ப்ராஜெக்ட் என்ற ஆலோசனை நிறுவனம் ஓர் ஆய்வு செய்தது. பிறகு கேப்ஜெமினி இன்னோர் ஆய்வு செய்தது; அதன் செலவை மைக்ரோசொஃப்ட் ஏற்றது. 2004 ஆகஸ்டில் நகரசபை மைக்ரோசொஃப்டோடு பத்தாண்டுக் கால உடன்பாட்டுக்குப் போனது.

அந்த வருடங்களில் ஈஸ்ட் ஹாமில் தமிழர் நிறைந்திருந்தார்கள். மேசைக் கணினியில் எந்த டெஸ்க்டாப் என்பது அந்தச் சபையிடம் உதவி கேட்டுப் போன எங்கள் ஆட்களுக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் சபை அனுப்பும் படிவம் எந்த வடிவத்தில் வருகிறது என்பது பொருட்டு. வீட்டில் என்ன மென்பொருள் இருந்தாலும் அது திறக்க வேண்டும். இதைப் பிரித்தானிய அரசு 2014 ஜூலையில்தான் பிடித்தது: அரசுத் துறைகள் பகிர்ந்து திருத்தும் ஆவணங்களுக்கு ஓடிஎஃப், பார்க்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஏ அல்லது எச்டிஎம்எல். எந்த மென்பொருளைப் பாவிப்பது என்று அந்த அறிவிப்பு யாருக்கும் கட்டளையிடவில்லை. வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. மிகச் சரியான இடத்தில் பிடித்தது. நடைமுறையில் இன்றும் எனக்கு வருவதெல்லாம் வேர்ட் கோப்புத்தான் என்பது வேறு.

மியூனிக் நகரம் 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அரசியல் காரணங்கள் பல சொல்லப்பட்டன. வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் மைக்ரோசொஃப்ட் வடிவில் வந்துகொண்டே இருந்ததும் அன்றாடத் தொல்லை. தன் வீட்டுக்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக்கலாம். படலைக்கு வெளியே உடன்பாடு இல்லையென்றால் அந்த ஒழுங்கு நிலைப்பது கடினம்.

*

கேரளத்தை மறக்கக் கூடாது. பள்ளிகளுக்கு அரசே உபுண்டுவிலிருந்து ஒரு தனிப் பதிப்பைச் செய்து கொடுக்கிறது. இப்போது அதைக் கைட் என்ற அரசு நிறுவனம் பார்க்கிறது. பாடப்புத்தகத்தில் அச்சான திரையும் வகுப்பில் உள்ள திரையும் ஒன்றாக இருக்கும். ஆசிரியருக்குப் பயிற்சி அதிலேயே. அங்கே டெபியனின் டெஸ்க்டாப் பட்டியலை யாராவது கொண்டுபோய் வைத்தால் பாடம் நடக்காது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒருவருடைய வேலை இன்னொருவருக்குப் போகும் இடம்தான். ஆகவே ஒரே திரை. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் கணினியில் எதைப் போட்டாலும் தடுக்க ஆளில்லை, உரிமமும் தடுக்காது.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. கணினியோடு சேர்த்துக் கொடுப்பது ஒன்று, பாடத்தோடு சேர்த்துக் கொடுப்பது ஒன்று. கேரளம் இரண்டாவதைச் செய்தது.

எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கும் இதைத்தான் சொன்னேன். வகுப்பறைக் கணினிகள் எல்லாம் மின்ட், எல்லாவற்றிலும் தமிழ்99. பிள்ளைகளின் கை இன்னும் எதற்கும் பழகவில்லை. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ககரத்தை இருமுறை அடித்தால் க்க, ங வந்து க வந்தால் தானே ங்க. தமிழ் எழுத்தின் ஒழுங்கையே அந்த விசைப்பலகை சொல்லிக்கொடுக்கிறது. மாஸ்ரருக்குப் பாமினி, பிள்ளைகளுக்குத் தமிழ்99. இதில் முரண் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

*

வேலண்ட். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் பழைய எக்ஸ்11 முறையில் உள்ளீட்டு மென்பொருள் எதுவானாலும், டெஸ்க்டாப் எதுவானாலும், அநேகமாக ஒரே வழியால் வேலை நடந்தது. அழகான வழியல்ல, ஆனால் நடந்தது. 2008இல் தொடங்கிய வேலண்ட் அந்த இடத்துக்கு வருகிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் க்னோமுக்கு வேலண்ட் அமர்வு மட்டுமே. பாதுகாப்புக்கு நல்லது, திரைக்கு நல்லது. ஆனால் உள்ளீட்டு முறை டெஸ்க்டாப்போடு எப்படிப் பேச வேண்டும் என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட நெறிமுறைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதிப்பு, யார் எதை ஏற்பது என்பது அவரவர் முடிவு. க்னோம் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைத் தனக்குள்ளேயே இணைத்துவைத்திருக்கிறது. கேடிஇயில் தமிழ் அடிக்க, அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பக்கத்துக்குப் போய் அங்கே ஐபஸையோ எஃப்சிஐடிஎக்ஸையோ தெரிய வேண்டும். கையில் உண்மையான விசைப்பலகை வைத்திருப்பவர் அந்தப் பக்கத்தை ஏன் திறக்கப் போகிறார்? குரோம் உலாவிக்கு நீண்ட காலம் தனியாக ஒரு கட்டளைச் சொல் கொடுத்துத் திறக்க வேண்டியிருந்தது.

க்னோமில் இன்னொன்று. எல்லா உள்ளீட்டு மூலங்களையும் காட்டு என்று சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. அது அமைப்புகள் செயலியில் இல்லை. முனையத்தில் கட்டளை எழுதியோ டிகான்ஃப் திருத்தியிலோதான் மாற்றலாம்.

ஆங்கிலம் அடிக்கிறவருக்கு இது ஒன்றும் தெரியாது. விசையை அழுத்தினால் எழுத்து வரும். சீனர், ஜப்பானியர், கொரியர், நாங்கள், எங்களுக்குத்தான் தெரியும். நிறத்துக்கும் பொத்தானுக்கும் தரம் வேண்டும் என்று கடுமையாக நிற்கிறவர்கள், மனிதர் தன் மொழியை எழுதும் வழிக்கு ஒரே தரத்தை முதலில் முடித்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

*

மாஸ்ரரின் பாமினி விசைகளிலிருந்து ஒருங்குறி எழுத்து வரச் செய்த கதை. எம்17என் என்ற நூலகம் ஜப்பானில் பிறந்தது. அதில் ஒவ்வொரு விசைப்பலகையும் ஒரு சாதாரண உரைக் கோப்பு: இந்த விசைக்கு இந்த எழுத்து என்று வரிவரியாக. நிரலாளர் ஆக வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் யாரும் எழுதலாம். எம் என்றால் அ, எஃப் என்றால் க, ஜே என்றால் த. இதுவரை சுலபம்.

கொம்பில்தான் வேலை. பாமினிக் கை தட்டச்சுப்பொறிக் கை. கொம்பை முதலில் அடிக்கும், பிறகு எழுத்தை. ஒருங்குறி எழுத்தை முதலில் வைத்து, பிறகு குறியை வைக்கும். ஆகவே என், எஃப் என்று அடித்தால் 'கெ' வர வேண்டும், அடுத்துக் காலை அடித்தால் அது 'கொ' ஆக வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு, ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு மெய், மேலே கிரந்தம். வரிகளை ஒரு சிறு நிரலால் உருவாக்கினேன். கொம்பு மட்டும் அடித்து எழுத்து வருமுன் திரையில் புள்ளிவட்டம் ஒன்று தோன்றும். "இதென்ன தம்பி வட்டம்?" "எழுத்துக்குக் காத்துநிக்குது, மாஸ்ரர்." "அப்ப சரி." அவர் அடிக்கும் வேகத்தில் அது கண்ணில் படுவதேயில்லை.

*

இன்னும் தீராத சிக்கல் இரண்டு.

'ஸ்ரீ'. ஒருங்குறியில் ஶ என்ற எழுத்து 2005இல் 4.1 பதிப்போடு சேர்ந்தது. அதன்பின் ஸ்ரீக்கு ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்பதே முறை. ஆனால் அதற்குமுன் எல்லோரும் ஸகரத்தில் தொடங்கி அடித்தார்கள், இன்றும் பல விசைப்பலகைகள் அதையே தருகின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். கண்ணுக்கு வித்தியாசமில்லை, தேடலுக்கு வித்தியாசம். தமிழ்ப் பள்ளிப் பதிவில் ஸ்ரீதரன், ஸ்ரீஸ்கந்தராசா என்று பெற்றோர் பெயர்கள் உண்டு. ஒருவகை ஸ்ரீயைத் தேடினால் மற்றவகை வராது.

அடுத்தது ஔ. பாமினியில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்தே ஔகாரம் எழுதினோம். மாற்றியில் போட்டால் ஔ இரண்டு எழுத்தாகப் பிரிந்து, ஔவை 'ஒளவை' ஆகிறார். இணையத்தில் இன்று ஔவையாரைத் தேடுகிறவர் இரண்டு விதமாகவும் தேட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாஸ்ரரின் அட்டவணையில் ஸ்ரீக்குப் புதிய முறையையே வைத்தேன். பதிவேட்டில் உள்ள பழைய ஸ்ரீக்களை ஒரேயடியாக மாற்றிவிடலாம். அதில் குழப்பமில்லை, நிரல் தயார். ஒளகாரங்களை அப்படி மாற்றக் கூடாது. ஒளி, ஒளவை இரண்டும் ஒரே குவியலில் கிடக்கும், ஒளி ஒளியாகவே இருக்க வேண்டும். அந்தச் சொற்களை மட்டும் பிரித்து ஒரு பட்டியல் எடுத்து மாஸ்ரரிடம் கொடுத்திருக்கிறேன். எது எது என்று அவர் குறித்துத் தந்தபின்தான் அடுத்த வேலை.